எதிர்க்கடைக் கதவு

மே 6
இன்று கப்பல் நாள்; சுற்றுலாக் கப்பல் வந்து தெரு நிறைய வெளிநாட்டுக்காரர்கள். ஆட்டுக்குட்டி பொம்மை தொங்கும் சாவி வளையம் நூற்றுப் பத்து விற்றது, மோதிரம் நாலு. எதிர்க்கடை ஃபிண்டன் என் வாசலைப் பார்த்தபடியே சீட்டியடித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருடம் எங்களிடம் வேலை பார்த்துவிட்டு, அதே சரக்கை எதிரில் வைத்து விற்கிறவன். அதைக்கூட விட்டுவிடுவேன். என் புருஷன் டோனலின் சவ ஊர்வலம் போனதும் ஒரு கப்பல் நாளில்தான். தெருவே கதவடைத்து, விளக்கணைத்து நின்றது. இவன் கடை மட்டும் திறந்திருந்தது. உள்ளே பிடில் பாட்டு வேறு! டோனல் பெட்டிக்குள் போகிறான், இவன் கம்பளித் தொப்பி விற்கிறான்.

மறப்பேனா? செத்தாலும் மாட்டேன்.

மே 19
ஃபிண்டனின் அப்பா மோசிக்கு முடியவில்லையாம். மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ச்சீ என்றிருந்தது. ஆனாலும் ஓடியது.

மே 27
மோசி போய்விட்டார். நல்ல மனிதர். துறைமுகத்திலிருந்து எங்கள் சரக்குப் பெட்டிகளைத் தன் வண்டியில் ஏற்றி வந்தவர். அவர்மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்து வரப்போவது அந்த மகன்தானே? வெள்ளிக்கிழமை அடக்கம். அன்றைக்கும் கப்பல் உண்டு.

அன்றைக்குக் கடையைத் திறந்தே வைக்கப்போகிறேன் என்று மகள் ஓர்லாவிடம் சொன்னேன்.

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா? ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும். அன்னைக்கு அவன் மூஞ்சில எவடி துப்புனா?"

வெள்ளிக்கிழமை கடைக்கு வரமாட்டாளாம். வராமல் போகட்டும்.

மே 30
திறந்தே வைத்தேன். பாட்டையும் கூட்டி வைத்தேன். உள்ளே இருபது அமெரிக்கர்கள். வெளியே கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம். சவ வண்டி முனை திரும்பியது.

ஒரு பெரியவர் கையிலிருந்த ஸ்வெட்டரை மடித்து வைத்தார். "எங்க தாத்தா இந்தப் பக்கத்து ஆளும்மா. சவம் போகும்போது கடையில நிக்கக் கூடாதும்பார்." தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னாலேயே எல்லோரும் போய் ஓரமாக வரிசையில் நின்றார்கள்.

கடையில் நானும் அந்தப் பிடிலும்தான். நிறுத்தலாமென்று பொத்தானைத் தேடினேன், அகப்படவில்லை. ஃபிண்டன் திரும்பிப் பார்த்தான். இந்த ஒரு பார்வைக்காகத்தானே இத்தனை நாள்? கோபமே இல்லை அந்த முகத்தில். அழுதுகொண்டிருந்தான், அவ்வளவுதான்.

மோசி, உங்களை நினைத்துச் செய்யவில்லை.

ஜூன் 1
ரொட்டிக்கடைக்காரி மீதிச் சில்லறையை மேசையில் வைத்தாள். கையில் தரவில்லை.

ஜூன் 17
கப்பல் நாள். மேல்தெருவில் யாரோ ஒருத்தியின் சவ ஊர்வலம். யோசிக்கும் முன்னே கை கதவைச் சாத்திவிட்டது. எதிரில் அவனும் சாத்திக்கொண்டிருந்தான். தெருவுக்கு அந்தப் பக்கம் கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் அவன், இந்தப் பக்கம் நான்.

வண்டி போயிற்று. மற்ற கடைகள் திறந்துகொண்டன. கப்பலில் வந்தவர்கள் எங்கள் இரண்டு கதவையும் தட்டுகிறார்கள். அவன் அசையவில்லை. நானும் அசையவில்லை.

"அம்மா, போதும்மா," என்றாள் ஓர்லா.

கால் மணி நேரம் நின்றோம். முதலில் திறந்தது யார் என்று இங்கே எழுத மாட்டேன்.