நூற்று இருபதில் நின்ற முள்

மார்ச் 4, செவ்வாய்

கிடங்கு எடைமேடையில் இன்று நாற்பத்தொரு லாரிகளை எடை போட்டேன். ஒருவர் காலி வண்டியை எடை போடும்போது, எடையைக் கூட்டிக் காட்டத் தண்ணீர்ப் பீப்பாயை நிரப்பி வைத்திருந்தார். கொட்டச் சொன்னேன். "உங்க கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதுக்கா" என்றார். கண்ணுக்குத் தப்பாதுதான். ஆனால் என் அறைக்கு ஏற ஒன்பது படி. நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறேன்.

மாலையில் பெரிய மருத்துவமனை. டாக்டர் தராசைப் பார்த்து, "நூத்து முப்பத்தெட்டு!" என்று அத்தனை பேர் முன்னால் சத்தமாக வாசித்தார். செத்துப்போனேன். வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்தால் சர்க்கரையும் முழங்காலும் கட்டுக்குள் வருமாம். இல்லையென்றால் சீக்கிரமே நடமாட்டம் போய்விடுமாம். அரசுக் காப்பீட்டில் செய்துகொள்ளலாம். ஆனால் அதற்குமுன் ஆறு மாதம் பத்தியம் இருந்து, பக்கத்துக் கிளினிக்கில் மாதாமாதம் எடை பார்த்து, முயன்றதாகக் காட்டவேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

கிளினிக் நர்ஸிடம் சொல்லிவிட்டேன்: "எழுதிக்கோங்க. எங்கிட்ட மட்டும் சொல்லாதீங்க." கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினேன். ஊர் எடையெல்லாம் பார்க்கிறவள் தன் எடைக்குக் கண்ணை மூடுகிறாள். லாரிக்காரர்கள் பார்த்திருந்தால் மானம் கப்பலேறியிருக்கும்.

ஏப்ரல் 19, சனி

பிஸ்கட் டப்பாவைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. மூடிவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

வீட்டுக்காரர் புலம்புகிறார்: "பத்தியம் உனக்கா எனக்கா? நான் ஏம்மா இளைக்கணும்?" நான் வேகவைத்த காயைத் தின்றுகொண்டிருக்க, எதிரில் உட்கார்ந்து வேறு எதையும் தின்ன அவருக்கு மனம் வரவில்லை. நல்ல மனிதர். சொன்னால் தலைக்கேறிவிடும்.

என் மோதிரம் விரலில் நிற்கவில்லை. பாத்திரம் கழுவும்போது நழுவி விழுந்தது. தேடி எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆறாவது எடை. வழக்கம்போலக் கண் மூடல். விண்ணப்பம் போய்விட்டது. ஒன்பது படியும் நிற்காமல் ஏறினேன்!

செப்டம்பர் 9, செவ்வாய்

கடிதம் வந்தது. 'மருத்துவமனையில் 138 கிலோ. ஒரே வாரத்தில் கிளினிக்கில் 120. ஆறு முறையும் அதே 120. முதல் வாரத்தில் பதினெட்டுக் கிலோ குறைந்தது நம்பத்தக்கதாக இல்லை. அதன்பின் முயற்சியே இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

முயற்சி இல்லையா? வாயைக் கட்டி வயித்தைக் கட்டி ஆறு மாசம் கிடந்தேனே — எவன்டா அவன்? அக்கா போனில், "நடந்தாலே குறையுமேடி" என்றாள். துண்டித்துவிட்டு நன்றாக அழுதேன்.

செப்டம்பர் 10, புதன்

கிளினிக்குக்குப் போய், கண்ணைத் திறந்துகொண்டு தராசில் ஏறினேன். முள் விறுவிறுவென ஓடி நூற்று இருபதில் முட்டி நின்றது. அதற்குமேல் அந்தத் தட்டில் எண்ணே இல்லை!

"அதுக்கு மேல போகாதுங்க. நீங்கதானே சொல்லாதேன்னீங்க?" என்றாள் நர்ஸ்.

ஒரு லாரி இப்படி நின்றிருந்தால் அரை நொடியில் பிடித்திருப்பேன். அவளைத் திட்ட வாயெடுத்தேன். பாதித் திட்டு எனக்கே சேரவேண்டியது என்பதால் விழுங்கிக்கொண்டேன். தராசின் அளவு அவ்வளவுதான் என்று எழுதி வாங்கி வந்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

எங்கள் கிடங்கின் மூட்டைத் தராசுக்கு இந்த வருட அரசு முத்திரை உண்டு. சுமைதூக்குபவர்கள் சுற்றி நிற்க, ஏறினேன். நூற்று இருபத்துமூன்று. சீட்டும் அடித்தேன். வண்டி எண்: இல்லை. பொருள்: நான். "தார்ப்பாய் போட்டுக் கட்டிடவாக்கா?" என்று ஒரு ஓட்டுநர் கேட்டார். அவர் வண்டியை வரிசையில் கடைசிக்கு அனுப்பினேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

காப்பீட்டு அலுவலகம். என்னை நிராகரித்துக் கையெழுத்துப் போட்டவர் எழுந்து நிற்க மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணளவில் நூற்று முப்பதுக்குக் குறையமாட்டார். வாயை மூடிக்கொண்டேன். காரியம் பெரிது.

"இது லாரிக்குக் குடுக்கற சீட்டும்மா."

"ஆமா சார். லாரிக்குப் பொய் சொல்லாத தராசு எனக்கு மட்டும் சொல்லுமா?"

மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்பார்கள். எனக்கு மடியிலும் கனம், வழியிலும் பயம். கிளினிக் கடிதத்தையும் சீட்டோடு சேர்த்து நீட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். பெரிய மருத்துவமனையிலேயே மறுபடி எடை பார்த்துவர எழுதிக்கொடுத்தார்.

அக்டோபர் 3, வெள்ளி

அங்கே நூற்று இருபத்திரண்டு. ஒப்புதல் கிடைத்துவிட்டது! வீட்டுக்காரர் கடிதத்தை மூன்று முறை சத்தமாக வாசித்தார். வாசிக்கட்டும்.

நவம்பர் 15, சனி

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு நாள். ஒரு கிண்ணம் தண்ணீரைக் குடித்து முடிக்க ஒரு மணி நேரம்.

மதியம் அந்தக் காப்பீட்டு அதிகாரி வந்தார். "சரிபார்க்க வந்தேன்" என்றார். கையில் கோப்பு ஏதுமில்லை. முக்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். வீட்டுக்காரரை எழுப்பி, அவர் இருந்த பெஞ்சில் அதிகாரியை உட்காரச் சொன்னேன்.

"வலிக்குதா?"

"இருமினா வலிக்குது. சிரிச்சா இன்னும் ஜாஸ்தி."

கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "பயமா இருந்துச்சா?"

கேலி நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"ரொம்ப சார். மயக்க ஊசி போடற வரைக்கும் நர்ஸ் கையை விடவே இல்லை."

சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். நான் போட்ட அதே அறுவை சிகிச்சை விண்ணப்பம்தான். மேலே அவர் பெயர். மடிப்பெல்லாம் நைந்திருந்தது, எத்தனை மாதமாக வைத்திருந்தாரோ.

"முதல்ல எந்த டாக்டரைப் பாக்கணும்?" என்றார். வீட்டுக்காரரிடம் பேனா வாங்கி எழுதிக்கொடுத்தேன்.