விட்டுப்போன குளோரின்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் தொண்டைக்கட்டு சரியாகிவிட்டதா? சின்னவளின் இருமல் நின்றதா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. எங்கள் கெமிக்கல் கிடங்கில் டிரம்களுக்கு லேபிள் எழுத ஆள் தேடினார்கள். "எனக்குத் தெரியும் சார், என் சம்சாரம் கெமிஸ்ட்ரி டீச்சர்" என்று முந்திக்கொண்டு போனேன். கால்சியம் குளோரைடுக்கு CaCl என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "கால்சியத்துக்கு சார்ஜ் ரெண்டு, குளோரினுக்கு ஒண்ணு. அப்ப CaCl₂ தானேப்பா? இன்னொரு குளோரினை யார் தின்னது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அவமானத்தில், "வீட்டுல அவ இப்படித்தான் சொல்லிக் குடுத்தா" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப அந்த ஸ்கூல் பிள்ளைங்க கதி அவ்வளவுதான்!" என்றார் சூப்பர்வைசர்.

சிரிப்பு உன் பக்கம் திரும்பியது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் எல்லோரும் இருக்கும்போதே அவரிடம் போய், "அவ சரியாத்தான் சொன்னா சார். நான்தான் காதுல வாங்கல. தப்பை அவ தலையில போட்டுட்டேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, லேபிள் வேலையை வேறொருவரிடம் கொடுத்தார். நான் பழையபடி மூட்டை தூக்குகிறேன்.

சேர்மங்களுக்கு வாய்பாடு எழுதும் முறையை ஒரு தாளில் எழுதி அனுப்பு. புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லாதே, உன் கையெழுத்தில் வேண்டும். போனில் வாய்க்கு வந்தபடி திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

மூட்டை ஏற்றச் சொல்லி வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உன் வீட்டுக்காரன்