டோக்கன் எல்லாம் திரும்ப வந்துவிட்டது

மதுரை
9-2-1941

அன்பு மகள் மெஹருன்னிசாவுக்கு உன் அத்தாவுக்குத் தம்பியான உன் சச்சா பாதுஷா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், உன் சச்சி கோச்சடையில் தன் தாய் வீட்டில் எட்டாவது மாதத்துக்குரிய எல்லா அதிகாரத்தோடும் சுகமாக இருக்கிறாள். அங்கே மெட்ராஸில் நீயும் சுகம்தானே என்று கேட்க எனக்கு இஷ்டமில்லை, சுகமில்லை என்பது உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பாதிக்கு மேல் வரி எல்லாம் சரிந்து கிடக்கிறது, தூங்கிக்கொண்டே எழுதியிருக்கிறாய். ஆபரேஷன் மேஜைக்குப் பக்கத்தில் நின்றபடியே கண் செருகிக் கத்தரியைக் கீழே போட்டதையும், பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் உன்னை அடுப்பு ஊதப் போகச் சொன்னதையும் எழுதிவிட்டு, அதற்கு முதல் நாள் காலையிலிருந்து நீ படுக்கவே இல்லை என்பதை வேறு ஏதோ சமாசாரம்போல நாலு வரி தள்ளி எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒரே சமாசாரம். எங்கள் மில் ஒர்க்ஷாப்பில் இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல நின்றவனை நான் லேத் பக்கமே விடுவதில்லை, போர்மன் என்ற முறையில் அது என் வேலை. விட்டால் விரல் போகும். அவனை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை, வீட்டுக்குப் போய்ப் படு என்கிறோம். உயிரைக் கையில் எடுக்கிற உங்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை என்றால் கோளாறு ஏற்பாட்டில்தான், உன்னிடம் இல்லை.

அடுத்த மாதக் கடைசியில் கிடைக்கும் பத்து நாள் லீவுக்கு ஊருக்கு வரவில்லை, ஹாஸ்டலிலேயே இருந்துகொள்கிறேன், ஹவுஸ் சர்ஜன் வேலையையே விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா, உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது ஆபரேஷன் மேஜை விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் படித்தேன். அழ ஆரம்பித்துவிட்டாள். பெத்தவ வீட்டுக்கு வரக் கசக்குதா, யாரு எம் பிள்ளை மனசக் கலைச்சாக என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் முதலில் விளங்கவில்லை. போன லீவில் நீ வந்தபோது நான் மில் வேலையாகக் கோயமுத்தூரில் இருந்தேன், இங்கே நடந்தது ஒன்றும் தெரியாது. போன வாரம் வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

ஒர்க்ஷாப்பில் ஆட்கள் சாமான் வாங்கும்போது கொடுத்துவிட்டுப் போகிற நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உனக்குத் தெரியும், புதிது வந்ததும் பழையதை வாஷர் வெட்டலாம் என்று டப்பாவில் போட்டு வீட்டில் வைத்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தால் டப்பா காலி. உன் அம்மாவிடம் கேட்டால் ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்த சட்டியை எடுத்து மறுபடியும் தேய்க்கிறாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மைதீன் பீவி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, ஏ ஜெயினம்பு, எம் பதினேழாம் நம்பர எம் மருமக கேக்குறா, குடுத்தா செல்லுமா என்று சத்தம் போட்டாள். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. நீ லீவில் வந்தால் பார்ப்பதற்கு, வரிசையில் சண்டை வரக்கூடாது என்று உன் அம்மா தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் என் டோக்கனை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். போன தடவை டோக்கன் இல்லாமல் எல்லாரையும் ஒரேயடியாக உள்ளே விட்டதால்தான் நீ மத்தியானச் சோறு தின்ன அஸர் தொழுகை நேரம் ஆயிற்றாம், இந்தத் தடவை ஒழுங்காக நடக்குமாம். திருவாதவூரிலிருந்து வண்டி கட்டி வருகிறவர்களுக்கு என்று தனியாகக் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறாள். ஐந்தாம் நம்பர் ஒரு முட்டைக் கோழிக்குக் கை மாறியிருக்கிறது. நம்பர் அழிந்த டோக்கனைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாய் என்று ஒருத்தி உன் அம்மாவோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறாள்.

நான் சத்தம் போட்டேன், எனக்குச் சத்தம் போடத்தான் வரும். உன் அம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டு, நீங்க பேசுவீக தம்பி, இந்தத் தெருப் பொம்பளைக ஆம்பள டாக்டருகிட்ட நாக்கக்கூட நீட்ட மாட்டாக, மாசக்கணக்கா ரத்தம் போறத யாருக்கும் சொல்லாம மறைச்சு வச்சிருக்கவ இந்தச் சந்துலயே இருக்கா, அவ எங்க போவா என்று கேட்டாள். அவள் சொன்னது நிஜம், நீ அவர்களைப் பார்க்காமல் திருப்பி அனுப்பக்கூடியவள் இல்லை என்பதும் நிஜம், அதனால்தான் வரவில்லை என்கிறாய் என்பதும் அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. உன் கடிதத்தை எடுத்து, விட்ட இடத்தையும் சேர்த்து மறுபடியும் படித்தேன். உன் அம்மா, நின்னுக்கிட்டேவா தூங்குச்சு எம் பிள்ளை என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வீடு வீடாகப் போய், எம் மக தூங்குறதுக்கு வாரா, டோக்கனக் கொண்டாங்க என்று வாங்கி வந்துவிட்டாள். கோழி கொடுத்தவள் கோழியைத் திருப்பிக் கேட்டு அது தனிச் சண்டையாக நடந்துகொண்டிருக்கிறது, அதில் நான் தலையிடவில்லை.

டோக்கனை வாங்கிவிட்டால் நோய் போய்விடுமா என்று நீ கேட்பாய். அதற்கும் வழி செய்தாயிற்று. பெண்களுக்கான மிஷன் ஆஸ்பத்திரிக்கு நானே சைக்கிளில் போய் அங்கே இருக்கிற லேடி டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். வாசல் கேட்டுக்கு உள்ளே ஒரு ஆண்பிள்ளை வரமாட்டான், செவ்வாய்க்கிழமை மத்தியானம் தனி அறையில் பார்க்கிறேன், கூட்டி வாருங்கள் என்று அந்த அம்மாள் நல்ல தமிழில் சொன்னார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை திரை கட்டின ஜட்கா வண்டி இரண்டு பேசிக் கொண்டுவந்து நிறுத்தினால் ஒருத்தியும் ஏறவில்லை. மைதீன் பீவி தன் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு, ஜெயினம்பு மொதல்ல காட்டட்டும், அவ முழுசாத் திரும்பி வந்தா நான் காட்டுறேன் என்று சொல்லிவிட்டாள். பிறந்ததிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காத உன் அம்மா ஏறி உட்கார்ந்தாள், பின்னாலேயே எல்லாரும் ஏறினார்கள். லேடி டாக்டர் உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, எனக்கு ஒண்ணும் இல்ல, இவளுகளுக்குத் தைரியம் வரணும்னு வந்தேன் என்றாளாம். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, வந்தது வந்தாய் உட்கார் என்று சோதித்துப் பார்த்து, பல் இரண்டைப் பிடுங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், அதிலிருந்து தைரியம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ரத்தப்போக்கை மறைத்து வைத்திருந்த பெண்ணை அன்றைக்கே படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள், பிழைத்துக்கொள்வாள் என்றும் சொன்னார்கள். மைதீன் பீவி திரும்பி வந்து, அந்த டாக்டரம்மா கை என்னமாக் குளுந்து இருக்கு, மெஹரு வந்தா எனக்கென்ன வராட்டி எனக்கென்ன என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருக்கிறாள். உனக்கு இதைவிட நல்ல செய்தி நான் எழுத முடியாது. இனிச் செவ்வாய்க்கிழமை தோறும் ஜட்கா போகும்.

உன் சச்சிக்கும் பிரசவம் நீதான் பார்க்க வேண்டும் என்று ஆசை, எனக்கும் இருந்தது. வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம், மிஷன் லேடி டாக்டரே பார்க்கட்டும், நீ வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினால் போதும்.

நீ வருகிறவரை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், மறுக்காமல் செய். உன்னோடு அறையில் இருக்கிற அனந்தலக்ஷ்மியும் இதே நிலையில்தான் இருப்பாள், ஒருத்தி தூங்கும்போது மற்றவள் வாசலில் நின்று யார் கூப்பிட்டாலும் எழுப்பமாட்டேன் என்று சொல்ல வேண்டும், மறுநாள் முறை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருத்திக்கு வேலை நீண்டால் மற்றவள் சாப்பாட்டை எடுத்து மூடி வைக்க வேண்டும், வெறும் டீயைக் குடித்துவிட்டுப் பசி அடங்கிவிட்டது என்று நினைக்காதே. ராத்திரி டியூட்டி பார்த்தவருக்கு மறுநாள் பாதிப் பகலாவது ஓய்வு வேண்டும் என்று உங்களைப்போல இருக்கிற எல்லாரும் சேர்ந்து சூப்பிரண்டெண்டிடம் மரியாதையாகப் போய்க் கேளுங்கள். தனியாகக் கேட்டால் முடியாதவள் என்பார்கள், பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார்கள். நான் போய்ப் பேசட்டுமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன், நீங்க போனா எம் பிள்ளைக்கு இருக்கிற வேலையும் போயிரும் என்கிறாள்.

வேலையை விடலாமா என்று கேட்டதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. தூங்காதவளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கக்கூடாது, நீயே உன்னைக் கேட்டுக்கொள்ளவும் கூடாது. காலை ரயிலில் வந்து இறங்கு, ஸ்டேஷனில் நான் ஒருத்தன்தான் நிற்பேன். மாடி அறையைக் காலி செய்து என் சாமான்களைக் கீழே இறக்கிவிட்டேன், தெருச் சத்தம் கேட்காத பக்கமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். உனக்குத் தூக்கம் போதும் என்று தோன்றுகிற வரை தூங்கு. அப்புறம் விட்டுவிடுகிறேன் என்று நீ சொன்னால், மெட்ராஸ் போய் உன் டிரங்குப் பெட்டியை நானே தூக்கி வருகிறேன், ஏன் என்று கேட்கமாட்டேன். திரும்பிப் போகிறேன் என்றால் ரயில் ஏற்றிவிடுகிறேன், அப்போதும் கேட்கமாட்டேன். நான் பொறுமை உள்ளவன் இல்லை என்பது உனக்குத் தெரியும், இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறேன்.

அல்லாஹ் உன் கைக்கு பரக்கத்தும் உன் கண்ணுக்குத் தூக்கமும் கொடுப்பானாக என்று நாங்கள் இருவரும் துஆச் செய்கிறோம். வரும்போது மறக்காமல் ஸ்டெதாஸ்கோப்பை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு வா. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: மெஹரு, நீ வந்தா நான் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன், எந்திரிச்சப்புறம் பசிக்குதா ஆத்தான்னு மட்டும் கேப்பேன்.

இப்படிக்கு
உன் அத்தா இடத்தில் இருந்து எழுதும் சச்சா,
பாதுஷா