இறால் வாடை அடித்த கல்யாண கேக்

தூத்துக்குடி
12.5.1974

அன்புள்ள சீனித்தாய்க்கு,

நான் இங்கே சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா, பிள்ளைக்குச் சளி விட்டதா என்று எழுது.

இங்கே ஒரு அசிங்கம் நடந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, பயப்படாதே. மாதா கோயில் கல்யாணம் ஒன்றுக்கு மூன்றடுக்கு கேக் செய்து, நாள் முழுக்கக் குனிந்து வெண்ணெய் க்ரீமில் ரோஜாப் பூ வைத்தேன். வெக்கையில் பூவெல்லாம் வழிய ஆரம்பித்தது.

"ஏலே, பின்னால இறால் கம்பெனி ஐஸ் ரூம்ல வச்சிரு. காலையில எடுத்துக்கிடலாம்" என்றார் பேக்கரி முதலாளி.

வெண்ணெய் பக்கத்தில் இருக்கிற வாடையை எல்லாம் இழுக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியாதா? இறால் கூடைகளுக்கு நடுவே வைத்தோம். காலையில் மோந்து பார்த்தேன், நல்ல வெண்ணெய் வாசம்தான் வந்தது. மதுரையிலிருந்து வந்த மணப்பெண் முதல் துண்டை வாயில் வைத்தவள் அப்படியே கைக்குட்டையில் துப்பினாள்.

"மோந்து பாத்துத்தானலே குடுத்தே?" என்று முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார்.

பார்த்தேனே. எட்டு மாதமாக அந்தக் கம்பெனிச் சுவரை ஒட்டிப் படுத்து என் மூக்கு செத்துவிட்டது. என் சட்டையை மோந்து பார்த்தாலும் எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.

சீயக்காய்ப் பொடியும், பெட்டியில் இருக்கும் துவைத்த சட்டையும் இந்தக் கடிதம் கொண்டுவரும் ரொட்டி வண்டிக்காரரிடம் கொடுத்துவிடு. வண்டி கிளம்புகிறது, முடிக்கிறேன். போன முறை நான் ஊருக்கு வந்தபோது புழுக்கம் என்று பாயைத் தள்ளிப் போட்டாயே, அது புழுக்கம் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

உன்
இசக்கியப்பன்