மாலையிட்ட வெற்றிருக்கைக்கு ஒரு மருத்துவர்

மழை பிழையாது பொழிக. கடல் எல்லை மீறாது நிற்க. பிணி தீர்க்கும் கை ஓங்குக.

நெடிய மதில்களாலும் அவற்றினும் நெடிய விதிகளாலும் காக்கப்படும் மாமதில் நாட்டின் காவலரும், அமுதப் பெருஞ்சாலை என்னும் மருத்துவக் கல்விச்சாலையைத் தம் முடியின் நடுமணியாகக் கருதுபவருமாகிய மாமன்னர் விசயதுங்கர் திருமுன், வலம்புரித் தீவின் கரையும் அலையும் ஆளும் கோதைவேண்மாள் விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டை நலமா? தங்கள் யானைகள் நலமா? தங்கள் குடிகள் நலமாக இல்லை என்பதைத் தங்கள் தூதரே வந்து சொல்லிவிட்டமையால் அதை மட்டும் நாம் கேட்கவில்லை.

தூதர் நீலகண்டர் பட்டுறையிலிட்டுக் கொணர்ந்த தங்கள் ஓலை எம் அவையில் படிக்கப்பட்டது. தங்கள் தென்கோடித் துறைமுகமாகிய கழிமுகத்துறையில் குளிர்சுரம் பரவி வீட்டுக்கு வீடு ஆள் படுத்துக் கிடப்பதையும், நோயாளிகளைக் கிடத்தி மருத்துவம் பார்க்க வேண்டிய அவ்வூர் ஆதுலர்சாலையில் மருத்துவர் ஒருவரும் இல்லாததையும், தலைநகரத்து மருத்துவப் பெருமக்கள் அவ்வூர்க் கொசுவுக்கு அஞ்சி ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவிவிட்டதையும் அறிந்து வருந்தினோம். தாங்களே நேரில் வந்து, ஊரிலிருந்து காற்று வீசாத மேடாகப் பார்த்துப் பாசறை அமைத்திருப்பதையும் அறிந்தோம். சென்ற மாரியில் எம் தீவில் இதே சுரம் வந்தபோது அதை அடக்கிய மருத்துவரைக் கடிது அனுப்பி உதவுமாறு கேட்டிருக்கிறீர்கள்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இவ்வோலை சிறியதாக இருந்திருக்கும். அம்மருத்துவர் தங்கள் அமுதப் பெருஞ்சாலையில் பயின்றவராயின் மிக உவப்போம் என்றும், வரும்போது தகுதிச் சான்றுகளைத் தவறாது கொண்டுவருக என்றும் கடைசியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள். அவ்வரிகள் படிக்கப்பட்டபோது அவையில் நாம் ஒருவரே சிரித்தோம். அதன்பின் எமக்கு வந்த சினத்தை எம் அமைச்சர்கள் இன்னும் மறக்கவில்லை.

தாங்கள் தாராளமாக உவந்துகொள்ளலாம். அவள் தங்கள் சாலையில் பயின்றவளே. பெயர் எயினி, எம் தீவில் சங்கு குளித்து வாழ்ந்த நன்னாகனின் மகள். தங்கள் நாட்டில் அவளை யாருக்கும் நினைவிருக்காது என்பதால் நாமே நினைவூட்டுகிறோம்.

நன்னாகன் ஒருமுறை சங்கு ஏற்றிக்கொண்டு தங்கள் கழிமுகத்துறைக்கு வந்தான். தாயில்லாப் பெண் என்பதால் மகளையும் உடன் அழைத்து வந்தான். வந்த இடத்தில் சுரம் கண்டு ஆதுலர்சாலை வாயிலில் படுத்தான். உள்ளே மருத்துவர் இருக்கை காய்ந்த மாலையோடு வெறுமையாக இருந்தது. மருத்துவர் வருவார், வருவார் என்று வாயிற்காவலர் சொல்லிக்கொண்டே இருந்தார். நன்னாகனும் அதை நம்பிக் காத்திருந்தான். காத்திருந்தபடியே போய்ச் சேர்ந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்குத் தந்தையின் முகத்தைவிட அந்த வெறும் இருக்கையே மனத்தில் பதிந்துவிட்டது. வளர்ந்து அந்த இருக்கையில் தான் அமர வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள். அதைத் தவிர வேறெதையும் அவள் கேட்டு நாம் அறியோம்.

அவள் வளர்ந்த காலத்தில் தங்கள் முரசறைவோர் எம் துறையில் இறங்கி, மாமதில் நாட்டின் கல்விக் கதவு எந்நாட்டார்க்கும் திறந்தே இருக்கிறது என்று காது கிழிய முழங்கினார்கள். அவர்கள் சொன்னது பொய்யன்று. கதவு திறந்துதான் இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு கதவு இருப்பதை அறிவிக்க எவரையும் தாங்கள் அனுப்பவில்லை, அவ்வளவே.

சேர்க்கைக்கு வந்தவளைச் சாலைத் தலைவர் கோதண்ட மாமருத்துவரும் அவருடைய சகாக்களும் கேள்வி கேட்டார்கள். கற்று முடித்தபின் எங்கே வாழ்வாய் என்பது முதற்கேள்வி. அவளுக்கு முன்னே நின்ற ஓர் அயல்நாட்டு இளைஞர் சொந்த நாட்டுக்குத் திரும்புவேன் என்றார். அப்படியானால் எங்கள் இடத்தை ஏன் வீணாக்குகிறாய் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்தவர் இங்கேயே தங்குவேன் என்றார். எங்கள் சோற்றில் கண் வைத்து வந்தாயா என்று அவரையும் அனுப்பிவிட்டார்கள். எயினி தன் முறை வந்தபோது, நோயாளி எங்கே இருக்கிறாரோ அங்கே வாழ்வேன் என்றாள். இவ்விடை ஏற்கத்தக்கதா, தள்ளத்தக்கதா என்று அப்பெரியோர்க்குத் தெரியவில்லை. நெடுநேரம் ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுத்துவிட்டு, அவளுடைய தேர்வு விடைகள் எல்லாரினும் சிறந்திருந்ததால் வேறு வழியின்றிச் சேர்த்துக்கொண்டார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே சேர்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அவள் கற்றாள். நாடியை உடன் பயில்வோர் கையில் பிடித்துப் பழகினாள். கட்டியை அறுக்கப் பூசணிக்காயிலும், தையலிட வெள்ளரிக்காயிலும் பழகினாள். உள்ளூர் மாணவர்கள் அடுத்த கட்டமாக ஆதுலர்சாலைக்குப் போய் நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தபோது, அயல்நாட்டார் மட்டும் பூசணியோடும் வெள்ளரியோடும் நிற்க வேண்டியதாயிற்று. தங்கள் நாட்டில் அவளால் பிழைத்தவை காய்கறிகள் மட்டுமே.

கல்வி முடிந்தால் பொருத்தநாள் என்று ஒரு விழா வைத்திருக்கிறீர்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பொருத்தம் பார்ப்பது போல, கற்று முடித்த மருத்துவருக்கும் பயிற்சி தரும் ஆதுலர்சாலைக்கும் பொருத்தம் பார்க்கும் நாள் அது. மாணவர் தாம் விரும்பும் சாலைகளை வரிசைப்படுத்தித் தர வேண்டும். சாலைகளும் தாம் விரும்பும் மாணவரை வரிசைப்படுத்தித் தர வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் மணி அடித்து, அந்தச் சாலையின் இருக்கைக்கு விழா மேடையிலேயே மாலை சூட்டி ஊருக்கு அனுப்புகிறார்கள். மாணவர் போய் அதில் அமர்ந்த நாள்முதல் தம் கைப்பட மருத்துவம் பார்க்கலாம். நல்ல வழக்கம்தான். மாமதில் நாட்டில் பிறந்தவர்க்கு அதில் ஒரு குறையும் இல்லை.

அயலார்க்கு மட்டும் கூடுதலாக ஒன்று வேண்டும். தங்கள் நாட்டு ஆதுலர்சாலை ஒன்றில் நோயாளியைத் தொட்டு மருத்துவம் பார்த்திருக்கிறார் என்று தலைமை மருத்துவர் ஒருவர் எழுதித் தரும் கைச்சான்று. பொருத்தநாளில் இருக்கை பெறாத அயலார் தங்கள் நாட்டு நோயாளியைத் தொடலாகாது என்பதும் தங்கள் விதியே. சான்று இருந்தால் இருக்கை உண்டு. இருக்கை இருந்தால்தான் சான்று உண்டு. இவ்விரு விதிகளையும் எழுதியவர் ஒருவரே என்றும், அவருக்குத் தாங்கள் பொன்னாடை போர்த்தினீர்கள் என்றும் கேள்விப்பட்டோம். அவர் முகத்தையும் சேர்த்துப் போர்த்தியிருக்கலாம்.

விதி இப்படி என்று தெரிந்தும் எயினி தன் வரிசையில் முதலிடத்தில் கழிமுகத்துறையை எழுதினாள். அதுவே மாமருத்துவர்க்குப் பெரிய ஐயமாயிற்று. யாரும் விரும்பாத ஊரை ஒருத்தி விரும்புகிறாள் என்றால் அவள் எதையோ மறைக்கிறாள் என்று சகாக்களிடம் சொன்னாராம். அவளை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தந்தையைப் பற்றி அவள் சொல்லியிருப்பாள். விழாவன்று அயலாரை வெளியே ஒரு கொட்டகையில் நிறுத்திவிட்டு, கேட்க வேண்டியவர்களைத் தவிர மற்ற எல்லாரையும் கேட்டு முடிவு செய்வது தங்கள் சாலையின் மரபாகையால் அவளை யாரும் அழைக்கவில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் கொட்டகையில் இருந்தவர்கள் எழுந்து நின்று, தம் பெயர் வராமல் மீண்டும் உட்கார்ந்தார்கள். கடைசியில் கழிமுகத்துறை அழைக்கப்பட்டது. அவ்வூரை வேறெவரும் கேட்கவில்லை. கேட்ட ஒருத்தியிடம் கைச்சான்று இல்லை. ஆனால் பொருத்தநாளில் எந்த இருக்கையும் மாலையின்றி இருப்பது மன்னருக்கு ஆகாது என்று இன்னொரு வழக்கம் வைத்திருக்கிறீர்களாமே. ஆதலால் அந்த வெற்றிருக்கைக்கும் முறைப்படி மாலை சூட்டி, மணி அடித்து, இடம் நிரம்பியது என்று அறிவித்தார்கள். எயினி அதைக் கண்ணால் பார்த்தாள். தந்தை இறந்த ஆண்டிலும் அப்படித்தான் மாலை சூட்டியிருப்பார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வாயிற்காவலர் பொய் சொல்லவில்லை. இடம் நிரம்பியது என்று அவருக்கும் சொல்லியிருந்தார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். விழாவில் அழுகுரல் கேட்கலாகாது என்று காவலர் வந்து அப்புறப்படுத்தினார்கள்.

ஆண்டுதோறும் தங்கள் அவையில் கழிமுகத்துறைக்கு மருத்துவர் உண்டு என்றுதான் படிக்கப்பட்டு வந்திருக்கும். உண்டுதான், ஒரு சாமந்தி மாலை. இப்போது பரவியிருக்கும் சுரத்தை அதனிடமே காட்டியிருக்கலாமே, எம்மிடம் ஏன் ஆள் அனுப்பினீர்கள்?

அவள் தீவுக்குத் திரும்பி வந்தாள். பிறகு மாரி வந்தது, சுரம் வந்தது, அவள் கை நோயாளிகளைத் தொட்டது. எம் தீவில் அதற்குச் சான்று கேட்பார் இல்லை. பிழைத்து எழுந்தவர்கள் தெருவில் நடந்து போகிறார்கள், வேண்டுமானால் தங்கள் தூதர் எண்ணிக்கொள்ளட்டும்.

தங்கள் ஓலை வந்த அன்று நாம் அவளை அனுப்புவதில்லை என்றே முடிவு செய்தோம். கழிமுகத்துறை நோயாளிகள் ஒவ்வொருவரும் முன்பே எம் தீவில் நோயுற்றுக் கிடந்ததாக எம் தலைமை மருத்துவரிடம் சான்று பெற்று வந்தால் பார்க்கலாம் என்று மறுமொழி எழுதுமாறு பணித்தோம். அமைச்சர்கள் மகிழ்ந்தார்கள். அதைச் செம்மையாக எழுதவும் தொடங்கினார்கள்.

எயினி அவைக்குத் தாமதமாக வந்தாள். மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தாள். எழுதியதைக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த விதிகளைக் கழிமுகத்துறையில் படுத்திருப்பவர் எவரும் எழுதவில்லையே என்று எம்மிடம் சொன்னாள். மருத்துவர் வருவார், வருவார் என்று இந்நேரம் அவர்களிடமும் யாரோ சொல்லிக்கொண்டிருப்பார், அது இந்த ஒருமுறையாவது மெய்யாகட்டும் என்றாள். காற்று திரும்புவதற்குள் கலம் வேண்டும் என்று மட்டும் கேட்டாள். எழுதிய ஓலையை நாமே வாங்கி முறித்தோம். அரியணையில் இருந்துகொண்டு அப்படித் தோற்றுப் போவது நல்ல அனுபவம். தாங்களும் ஒருநாள் அதைப் பெற வேண்டுகிறோம்.

ஆகவே அவள் வருகிறாள். தங்கள் தூதர் காற்று சரியில்லை, வயிறும் சரியில்லை என்று சொல்லி எம் விருந்தினர் மாளிகையிலேயே தங்கிவிட்டார். சுரம் தணிந்தபின் அவர் உடல் தேறும் என எதிர்பார்க்கிறோம்.

இனி எம் சொல் இது. கழிமுகத்துறை இருக்கையில் காய்ந்து தொங்கும் மாலையை எடுத்தெறிந்துவிட்டு எயினியை அதில் அமர்த்துக. சுரம் தணிந்தபின்னும் அது அவள் இருக்கையே ஆகுக. கொட்டகையில் இன்னும் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருக்கும் அயல்நாட்டுப் பிள்ளைகளை நோயாளிகளிடம் போக விடுக. இல்லையேல் எந்நாட்டாரும் வருக என்று முழங்கும் முரசைக் கிழித்தெறிக. ஆதுலர்சாலை வாயிலில் அவளிடம் கைச்சான்று கேட்கப்படுமானால், அந்தக் கணமே கலத்தைத் திருப்பிக்கொண்டு வருமாறு எம் கலத்தலைவன் கொற்றனுக்கு ஆணையிட்டிருக்கிறோம். யார் என்ன கேட்டாலும் நான் திரும்பமாட்டேன் என்று எயினி அவனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். இரண்டில் எது நடக்கும் என்பது கொற்றனுக்கும் தெரியும், எமக்கும் தெரியும்.

வலம்புரி முத்திரை இட்டு, கோதைவேண்மாள் கைச்சாத்திட்டது. கடல் உள்ளளவும் இச்சொல் நிற்க.

படித்து முடித்தீராயின் நிமிர்ந்து பாருங்கள். இவ்வோலையைத் தங்களிடம் நீட்டிய கை எயினியின் கை. அவளிடம் இன்னோர் ஓலை கேளாதீர்கள், வழி விடுங்கள்.