முறை தவறிய ஞாயிறு

நவம்பர் 7, வெள்ளி

காலையிலிருந்து மூட்டம். மழை மிரட்டுகிறது, பெய்யவில்லை. ஞாயிறு வரை இப்படியே இருந்தால் போதும், ஆண்டவரே.

வேலைகள்:
– வண்டி கழுவ. வாரம் ஆறு நாள் என் வீட்டுக்காரர் அதில் கும்மிடிப்பூண்டிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றுகிறார். சீட்டுக்கு அடியில் ஒரு வாரத்துப் பாக்குப் பொட்டலம்.
– பெரியபாளையம் ரெட்டியாருக்குப் போன். பிள்ளைகள் பறிக்க நாலு பாத்தி கத்திரிக்காய் விட்டு வைக்க.
– ஆரணி செக்குக்காரர்: ஞாயிறு கரண்ட் உண்டா?
– பேப்பர் தட்டு, தண்ணீர் கேன், வாந்திக்கு எலுமிச்சம்பழம்.
– மாமாவுக்குப் போன்.

இது நான் ஆள் கூட்டிப் போகும் மூன்றாவது டிரிப். பெரியபாளையத்தில் ஏறினால் ஆற்றங்கரையோடு தோட்டம், செக்கு, வயல், கடைசியில் பழவேற்காடு ஏரியில் மாமாவின், அதாவது அக்கா வீட்டுக்காரரின் படகு. முதல் இரண்டுக்கும் வந்தவர்கள் தெரிந்தவர்கள், குறை சொல்ல வாய் வராது. இந்த முறை ஒரு கம்பெனி எச்.ஆர். மேடம் குடும்பத்தோடு வருகிறார், மொத்தம் பதினோரு பேர். பிடித்துவிட்டால் மாதம் இரண்டு ஞாயிறு கம்பெனியே ஆள் அனுப்புமாம். நான் சரக்கு சரிபார்த்த ஃபேக்டரி லைனை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் காலை ஏழு மணிக்குக் கை பரபரக்கிறது, ஓகே ரிஜெக்ட் ஓகே ரிஜெக்ட் என்று.

அக்காவுக்குப் போன் போட்டேன். அவர்கள் குப்பத்தில் ஒரு பெரியவர் போய்விட்டாராம், புதன்கிழமை எடுத்தார்கள். அன்றைக்கு ஒருத்தரும் ஏரியில் வலை போடவில்லை. "உங்க மாமா இன்னிக்கித்தான் ஏரிக்குப் போய்க்கிறாரு" என்றாள். பாவம் என்றேன். பிறகு பேச்சு குழம்புக்கு மாறிவிட்டது.

நவம்பர் 8, சனி

தூறல், நின்றது. வண்டி கழுவியாயிற்று.

மேடம் மெசேஜ்: பிள்ளைகள் இறால் பிடிப்பதை நேரில் பார்க்க வேண்டுமாம், அதற்காகத்தான் வருகிறார்களாம். "கண்டிப்பா மேடம்" என்று அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு மீன் பொம்மைப் படம் வேறு. ஏன் இந்த வாய்.

அந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை போட முடியாது. நல்ல இறால் கிடைக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். மாமாவின் குப்பத்தில் மூன்று பிரிவு. ஒரு நாள் இவர்கள், மறுநாள் அவர்கள், அதற்கு மறுநாள் மற்றவர்கள். அடுத்தவன் நாளில் பாட்டுக்குள் கைவலை கூட வீசக் கூடாது. வீசினால் ஊர் பஞ்சாயத்து. மாமாவுக்கு அந்தப் பாடே லேசில் கிடைக்கவில்லை. ஆரம்பாக்கத்திலிருந்து சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண்ணை, என் அக்காவை, காதலித்துக் கட்டிக்கொண்டு வந்ததற்காக நான்கு வருடம் இழுத்தடித்தார்கள். அக்கா அந்த ஊர் கோயில் திருவிழாவில் கூழ் காய்ச்சிக் காய்ச்சித்தான் அதை வாங்கினாள் என்று அம்மா இன்னும் திட்டுவாள்.

காலண்டரில் மாமாவின் நாளை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். 3, 6, 9. ஒன்பது ஞாயிறு. சரியாக வருகிறது.

நாளைக்கும் சர்ச்சுக்குப் போக முடியாது. பாஸ்டரம்மா கேட்பார்கள். காய்ச்சல் என்று சொல்ல வேண்டியதுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில்! கடவுள் என் பக்கம்.

8.10 பெரியபாளையம். நாஷ்டா ரெட்டியார் வீட்டில், இட்லி, கடலைச் சட்னி. மேடத்தின் சின்னப் பெண் கத்திரிக்காயைப் பிடித்துத் தொங்கினாள். "புடிச்சி இழுக்காத நைனா, காம்போட ஒடி" என்றார் ரெட்டியார். மேடம் ஆர்கானிக்கா என்று கேட்டார். ரெட்டியார்: "மருந்து அடிக்காத கத்திரிக்கா புழுவுக்குத்தான் மேடம்." எனக்கு உயிரே போய்விட்டது. மேடம் சிரித்தார். தப்பித்தேன்.

ஆற்றில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, தடுப்பணையில் நுரை. கரையோடு வண்டி போகும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சம்பா பச்சை, கொக்குக் கூட்டம். வாரம் ஆறு நாள் இந்த வண்டியில் யாரும் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை, தூங்குவார்கள் என்றார் என் வீட்டுக்காரர்.

செக்கு: கரண்ட் இல்லை. இருபது நிமிடம் எல்லோரும் புண்ணாக்கை மோந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேடம் இரண்டு தடவை மணி பார்த்தார். அப்புறம் கரண்ட் வந்தது.

2 மணிக்கு ஏரி. மாமா படகில் ஏற்றிக்கொண்டு போனார். வலை வீசினார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்துப் படகெல்லாம் திரும்பிப் பார்த்தது. ஒரு கை இறால். மேடம் "சூப்பர் எஸ்தர்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போன வாரம் வரை என் பெயர் அவருக்குத் தெரியாது.

வீடியோவைப் பாட்டு சேர்த்து ஸ்டேட்டஸில் போட்டேன். இதுவரை அறுபத்து நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள்.

கால் வலி. மற்றது நாளைக்கு.

நவம்பர் 10, திங்கள்

ஆறு மணிக்கு அக்கா போன்.

"இன்னாடி பண்ணி வெச்சிக்கிற? ஸ்டேட்டஸ எடு. மொதல்ல எடு."

எடுத்தேன். எடுத்து என்ன பயன். கருவாடு விற்க என்னிடம் நம்பர் கொடுத்த குப்பத்துத் தேசம்மாள் முதல் ஆளாகப் பார்த்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் மூன்றாவது பிரிவு. நேற்று அவர்கள் நாள். வீடியோவில் பாடு இடத்தின் நடுவே மாமா வலை வீசுகிறார், பின்னால் அவர்கள் வலை கட்ட நட்டு வைத்த கம்புகளே தெரிகின்றன. புதன்கிழமை பஞ்சாயத்து.

"பாடு போச்சினா இன்னா பண்றது? இந்த ரெண்டு மாசம்தான் எறாலு. அத வுட்டா வருசமே போச்சி. ரெண்டு புள்ளைங்கடி எனுக்கு."

அழவில்லை அவள். அழுதிருந்தால் தேவலை.

பகல் முழுக்க வீட்டைப் பெருக்கினேன். பெருக்கின இடத்தையே பெருக்கினேன். எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள், இதிலுமா ஏமாற்றுவது.

காலண்டர் வட்டம் தப்பு. ஊரில் சாவு விழுந்து ஒரு நாள் வலை நின்றால் முறை முழுக்க ஒரு நாள் தள்ளும். புதன் நின்றது. ஆறாம் தேதி ஏழாகும், ஒன்பது பத்தாகும். அக்கா "இன்னிக்கித்தான் ஏரிக்குப் போய்க்கிறாரு" என்று வெள்ளிக்கிழமை சொன்னபோதே எனக்குக் கணக்கு ஓடிவிட்டது. லைனில் பதினோரு வருடம் ரிஜெக்ட் பொறுக்கினவள், இது தெரியாதா? தெரிந்துதான் அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்வாள். தெரிந்துதான் இங்கே சரியாக வருகிறது என்று எழுதினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மாமா நேற்று வலை வீச மாட்டேன் என்றுதான் சொன்னார். படகைக் கரையோரமாகவே ஓட்டினார். பிள்ளைகளுக்கு நண்டு வளை காட்டினார். மேடம் மணி பார்த்தார். நான்தான் கெஞ்சினேன். கெஞ்சினது, அவர் சொன்னது, எல்லாம் என் போனில் சத்தத்தோடு இருக்கிறது. ஸ்டேட்டஸுக்குப் பாட்டு போட்டது அதை மறைக்கத்தான்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. துணி காயவில்லை.

மேடம் மெசேஜ்: மேனேஜ்மென்ட் ஓகே சொல்லிவிட்டதாம், 23ஆம் தேதி முதல் குழு. பார்த்தேன். பதில் போடவில்லை. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் போய் அரிசி களைந்தேன்.

என் வீட்டுக்காரரிடம் வீடியோவைக் காட்டினேன். நாற்பது நொடி.

நான்: "மாமா, ஒரே ஒரு வாட்டி வீசுங்க மாமா. இவ்ளோ தூரம் வந்துக்கிறாங்க."
மாமா: "இன்னிக்கி நம்ம பாடு இல்லம்மா."
நான்: "யாரு பாக்கப் போறா? வீசிட்டு கூட்டினு போய்டுங்க."
அப்புறம் வலை விழும் சத்தம். பிள்ளைகள்.

என் வீட்டுக்காரர் இரண்டு தடவை பார்த்தார். "இத எட்த்துனு போயி அங்க காட்டப் போறியா?"
"நாந்தான் சொன்னேன்னு தெரியணும் இல்ல? அவரு மேல இன்னா தப்பு?"
"மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க."

மாமாவுக்கு ஐந்து தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. அக்கா எடுத்தாள். "நீ வராத. அவரு பேசிக்குவாரு. பேஜாரு பண்ணாத, எஸ்தரு." வைத்துவிட்டாள்.

வராதே என்றால்? என்னால் வந்ததை அவர் தலையில் போட்டுவிட்டு நான் இங்கே குழம்பு வைத்துக்கொண்டிருப்பதா? போகத்தான் போகிறேன். முழங்கால் போட்டு ஜெபம் செய்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

நவம்பர் 12, புதன்

மழை விட்டுவிட்டது. பஸ்ஸில் போனேன், நாலரைக்குப் பழவேற்காடு. அங்கிருந்து ஆட்டோ.

கோயில் முன்னால் மணலில் ஆண்கள், ஐம்பது பேர் இருக்கும். பெண்கள் வேப்ப மரத்தடியில் தள்ளி. அக்கா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா நடுவில் நின்றிருந்தார், தோளில் துண்டில்லாமல். என்னைப் பார்த்தார். தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்பது போல. கோபம் என்று நினைத்தேன். நான் ஒரு முட்டாள்.

தேசம்மாள் வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தார்: "இன்னிக்கி இவரு விருந்தாளிக்கு வீசுவாரு. நாளைக்கி வேறொருத்தரு. அப்பறம் எதுக்கு முறை, எதுக்கு நாளு? ஏரிய டூருக்கு வுட்டுட்டு நாம ஊட்ல குந்திக்கலாம்."

தலைவர் மாமாவைக் கேட்டார். "முறை ஒரு நாளு தள்னது உனுக்குத் தெரியுமா தெரியாதா?"

மாமா: "மறந்துட்டேன் தலைவரே. எப்பவும் போல ஞாயித்துக்கெழம நம்ம நாளுன்னு நெனச்சிக்கினேன். தப்புதான்."

கூட்டத்தில் ஒரு முனகல். தலைவர் பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டார். "மறதினா மூணு மொற பாடு இல்ல, அதுதான வழக்கம்?" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. எனக்கு என் பாவம்தான் பெரிதாக இருந்தது. வெளியூர் பெண், பஞ்சாயத்தில் பேசக் கூடாது, எல்லாம் தெரியும். நடுவில் போய் நின்றுவிட்டேன்.

"அவரு மேல தப்பு இல்லைங்க. நாந்தான் வீசச் சொன்னேன். இதப் பாருங்க."

சத்தத்தை முழுக்க வைத்துப் போட்டேன்.

என் குரல். அப்புறம் மாமாவின் குரல். இன்னிக்கி நம்ம பாடு இல்லம்மா.

பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். நானே, என் விரலாலேயே, மறுபடி போட்டேன். அப்போதுதான் புரிந்தது.

தலைவர் மாமாவைப் பார்த்து, "தெரிஞ்சேதான் வீசிக்கிற" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "தெரிஞ்சி வீசிட்டு, கோயிலு முன்னாடி நின்னு மறந்துட்டேன்ற."

மாமா மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை முடியும் வரை பாடு இல்லை. அதற்குள் இறால் முடிந்துவிடும். வெளியாட்களை ஏற்றிக்கொண்டு எந்தப் படகும் போகக் கூடாது. என்னை யாரும் திட்டக்கூட இல்லை.

அக்கா என்னோடு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்து வந்தாள். பஸ் வந்ததும் சொன்னாள்: "ஒன்னக் காப்பாத்தறதுக்குத்தான்டி மறந்துட்டேன்னாரு. ராத்திரியெல்லாம் குந்திகினு ரெண்டு பேரும் யோசிச்சி வெச்சது. வராதன்னு சொன்னேன் இல்ல?"

நவம்பர் 13, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. மேடத்துக்கு முடியாது என்று அனுப்பிவிட்டேன். "ஓ, ஸோ ஸேட்!" என்று ஒரு அழுகை பொம்மையோடு பதில்.

மனசு லேசானது என்று செவ்வாய்க்கிழமை எழுதியிருக்கிறேன். யாருடைய செலவில்?

நவம்பர் 17, திங்கள்

பனி. ஆறு மணிக்குக்கூட எதிர் வீடு தெரியவில்லை.

மாமாவுக்கு ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. பேக்கிங். ஏற்பாடு செய்தது என் வீட்டுக்காரர்தான், வெள்ளிக்கிழமையே. எனக்கு நேற்றுத்தான் சொன்னார். முதல் பஸ்ஸில் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி, இங்கிருந்து நம் வண்டி.

6.40க்கு ஸ்டாண்டில் நின்றேன். மாமா பேன்ட் போட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணத்தில்கூட வேட்டிதான். டிபன் டப்பாவை நீட்டினேன், எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. "கேன்டீன் டோக்கன் ஒரு வாரம் ஆவும் மாமா." வாங்கிக்கொண்டார். ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். எட்டு வருடத்தில் அக்கா வீட்டுக்கு எத்தனையோ டப்பா போயிருக்கிறது. ஒரு பிடி கருவாடு, நாலு மிளகாய், ஒன்றும் இல்லாவிட்டால் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் திரும்பி வரும். வெறும் டப்பா கொடுக்கக் கூடாது என்பார் மாமா.

திறந்தேன். நன்றாகக் கழுவி, துடைத்து, வெறும் டப்பா.