சொன்னது யார்

கொக்கட்டிச்சோலை
2024 பெப்ரவரி 11

யதுர்ஷியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் அண்ணன் வீட்டில் சுகம். நீங்கள் சிறையிலிருந்து வந்து மூன்று கிழமைதான் ஆகிறது, அதற்குள் எத்தனை தரம் எனக்குப் போன் எடுத்துவிட்டீர்கள்! நான் எடுக்காததைக் கோபம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கதைத்தால் நான் நம்பிவிடுவேன், அதுதான் பயம். "மன்னாருக்கு மீன் ஏத்தப் போறன் கம்சா, நாளைக்கு வந்துருவன்" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் நம்பினேன். மீன் பெட்டிக்குள் ஐஸுக்கு அடியில் கஞ்சா இருந்தது எனக்குத் தெரிய இரண்டு வருடம் எடுத்தது. ஆகவே கடிதம் எழுதுங்கள். எழுத்தென்றால் திரும்பத் திரும்ப வாசித்து எங்கே பொய் இருக்கிறது என்று பார்க்கலாம்.

உங்களுக்கு வேலை கிடைத்ததாக அறிந்தேன். வழிதவறக்கூடிய பொடியன்மாருக்குப் புத்தி சொல்லும் வேலையாம். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொடியன்மாரில் எத்தனை பேர் உங்கள் பழைய கூட்டத்துக்கு வேலை செய்கிறார்கள்? உங்களை அங்கே கொண்டுபோய் வைத்தது யார்?

பிள்ளைக்கு எட்டு வயது நடக்கிறது. அப்பா வருவாரா என்று கேட்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கம்சாயினி


கல்குடா
2024 பெப்ரவரி 19

கம்சா,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். லொறி ஓட்டியவனுக்கு எழுத்து சுலபமாக வருமா?

என்னை இங்கே வைத்தது ஆச்சிப்பிள்ளை ரீச்சர். ஓய்வுபெற்ற பிறகு இந்த இளைஞர் நிலையத்தை நடத்துகிறார். சிறைக்குள் வந்து எங்களுக்கு வகுப்பும் எடுத்தவர். நீ கேட்டதையே நானும் அவரிடம் கேட்டேன். "திருந்தினவன் எண்டு உன்ன எடுக்கல்ல மனெ. பொய் சொல்றவன உனக்குக் கண்டவுடன தெரியும். அதுக்குத்தான்" என்றார்.

என் பொறுப்பில் பதினொரு பேர். பிணையில் நிற்பவர்களோடு பொலிசுக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கேட்டு மேசன், கராஜ்காரர் வாசலில் நிற்க வேண்டும். டிலக்சன் என்று ஒருத்தன், பத்தொன்பது வயது. மூன்று நாள் வருவான், இரண்டு நாள் வரமாட்டான். எங்கே போனாய் என்று கேட்டால், கேட்காத விபரத்தையும் சேர்த்துச் சொல்வான். நானும் உனக்கு அப்படித்தானே சொன்னேன்.

போன கிழமை பஸ்ஸில் றம்ஸீனைக் கண்டேன். இடது கை இன்னும் மடிகிறதில்லை. கம்பியை வலக் கையால் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மீன் வியாபாரத்தில் ஒரே தட்டில் சாப்பிட்ட கூட்டாளி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கூட்டத்துக்கு வெளியில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் பொலிசுக்குச் சொன்னதால்தான் நான்கு வருடம் உள்ளே இருந்தேன். நான் உள்ளேயிருந்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப, பழைய கூட்டத்துப் பொடியன்மார் அவன் மீன்கடையையும் கையையும் உடைத்தார்கள். அவன் வாழைச்சேனையை விட்டு ஏறாவூருக்கே போய்விட்டான். இப்போதும் பாவம் என்று தோன்றவில்லை. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பிள்ளைக்கு முத்தம்.

உதயன்


கொக்கட்டிச்சோலை
2024 மார்ச் 10

யதுர்ஷியின் அப்பாவுக்கு,

சென்ற ஞாயிறு உங்களுக்குச் சொல்லாமல் வாழைச்சேனைக்கு வந்தேன். இங்கே வட்டையில் நெல் அறுவடை நடக்கிறது. அண்ணி வேலைக்குக் கூப்பிட, தலையிடி என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். உங்களால் நானும் பொய் பழகிவிட்டேன்.

பாலத்தடியில் உங்களைக் கண்டேன். சிவப்பு மோட்டார் சைக்கிளில் இருந்தவனை எனக்குத் தெரியும். முன்னர் எங்கள் வீட்டுக்கு வந்தவன். உங்கள் கையில் ஒரு பொதி இருந்தது. அரை மணித்தியாலம் கதைத்தீர்கள். கிட்ட வரத் துணிவில்லாமல் திரும்பிவிட்டேன்.

இனி என்ன எழுதப் போகிறீர்கள்? யோசித்து எழுதுங்கள்.

கம்சாயினி


கல்குடா
2024 மார்ச் 17

கம்சா,

நீ கண்டது உண்மை. அவன் பழைய ஆள்தான். கையில் இருந்தது இடியப்பப் பார்சல். நம்பினால் நம்பு.

டிலக்சன் இப்போது அவனுக்காகத்தான் ஐஸ் போதைப்பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிறான். "அந்தப் பொடியன்ட பின்னால திரியாத உதயன். உனக்கும் ஒரு பொம்புளப் புள்ள இருக்கு" என்று சொல்லத்தான் அவன் வந்தான். நான் அரை மணித்தியாலம் கெஞ்சினேன் கம்சா. வேறொன்றும் செய்யவில்லை.

மறுநாள் டிலக்சனின் தாய் சீதேவிப்பிள்ளை நிலையத்துக்கு வந்தார். கூரைக்குள் சுருட்டி வைத்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். "மனெ, நான் பொலிசுக்குச் சொல்லட்டா? சொன்னா அவன் உள்ளுக்குப் போயிருவான். சொல்லாட்டி ஒரு நாளைக்கு அவனச் சவமாத்தான் கொண்டு வருவானுகள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். சொல்லுங்கள் என்று எப்படிச் சொல்வேன்? என்னைச் சொல்லிக்கொடுத்தவனை நானே இன்னும் மன்னிக்கவில்லையே. பெற்ற தாய் சொன்னாள் என்று தெரிந்தால் அவன் என்ன செய்வான்? நீ ஒரு தாய். நீ என்ன சொல்வாய்?

உதயன்


கொக்கட்டிச்சோலை
2024 மார்ச் 24

யதுர்ஷியின் அப்பாவுக்கு,

டிலக்சனின் தாயைச் சொல்லச் சொல்லுங்கள். ஏனென்றால் நானும் சொன்னேன்.

உங்களைப் பற்றிப் பொலிசுக்குச் சொன்னது உங்கள் கூட்டாளி றம்ஸீன் இல்லை. நான்தான்.

அன்று நீங்கள் மன்னாருக்குப் போயிருந்தீர்கள். அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிள்காரனும் இன்னொருத்தனும் வீட்டுக்கு வந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரன் யதுர்ஷியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "வடிவான புள்ள. உதயன்ட கணக்குப் பிழைச்சா இவளத்தான் கேப்பம்" என்று சிரித்தான். பிள்ளையும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு மூன்று வயது. அவர்கள் போன பிறகு லொறி வரும் நேரத்தைப் பொலிசுக்குச் சொன்னேன். நீங்கள் சிறைக்குப் போனால் பிள்ளையை விட்டுவிடுவார்கள், நீங்களும் உயிரோடு இருப்பீர்கள் என்று நினைத்தேன்.

அதைச் செய்ததற்காக நான் வெட்கப்படவில்லை. பிறகு செய்ததற்குத்தான் வெட்கப்படுகிறேன். மாதாமாதம் உங்களைப் பார்க்க வந்தேன். கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று றம்ஸீன் நானாவைத் திட்டினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவருடைய கை உடைந்த செய்தி வந்த அன்றும் திறக்கவில்லை. என்மேல் திரும்பினால் பிள்ளையை யார் பார்ப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் வெளியே வந்த பிறகு உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்ததும், என்னைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தானோ, தெரியவில்லை.

பதில் எழுதாவிட்டாலும் விளங்கிக்கொள்வேன்.

கம்சாயினி


கல்குடா
2024 ஏப்ரல் 29

கம்சா,

ஒரு மாதம் பேனாவைத் தொடவில்லை. முதல் இரண்டு நாளும் உன்னைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. பிறகு, பிள்ளையை அவன் மடியில் வைத்திருந்ததுதான் கண்ணுக்குள் நின்றது. அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்.

சீதேவிப்பிள்ளையிடம் போய், "சொல்லுங்கம்மா. ஆனா ஒளிக்காதீங்க. நான்தான் சொன்ன எண்டு அவன்ட முகத்தப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். அவர் அப்படியே செய்தார். டிலக்சன் இப்போது விளக்கமறியல் சிறையில். நானும் தாயோடு பார்க்கப் போனேன். முதல் தரம் அவன் வெளியே வரவில்லை. இரண்டாம் தரம் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நேரம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது தாயிடம், "அடுத்த கிழமையும் வா" என்றான். அந்தத் தாய் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

நோன்புப் பெருநாள் முடிந்து றம்ஸீனிடம் போனேன். கேற்றுக்கு உள்ளே விடவில்லை. "சொன்னது நீ இல்லையெண்டு இப்பதான் தெரிஞ்சுது" என்றேன். "எனக்கு அண்டைக்கே தெரியும்டா. எண்ட கைய உடைக்கக்குள்ளயும் தெரியும்" என்றான். யார் சொன்னது என்று கேட்டான். உன் பெயரை நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

நீ பொலிசுக்குச் சொன்னதில் எனக்கு இப்போது கோபமில்லை. நான்கு வருடம் என் முன்னால் வந்து, அவனை நான் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டு நின்றாயே, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரே வீட்டில் இருக்கலாமா என்று இப்போதைக்குக் கேட்காதே.

மே 12, ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏறாவூர் பஸ் தரிப்பிடத்தில் நிற்பேன். வந்தால் இருவரும் றம்ஸீனிடம் போவோம்.

உதயன்


கொக்கட்டிச்சோலை
2024 மே 14

யதுர்ஷியின் அப்பாவுக்கு,

நேற்று முன்தினம் கதைக்க முடியாததை எழுதுகிறேன்.

றம்ஸீன் நானா நான் சொன்னதைக் கேட்டு எழும்பி உள்ளே போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவருடைய மனைவி அஸ்மியா தாத்தா கேட்டதுதான் தூங்கவிடவில்லை. "ஒங்கட மாப்பிள்ளைட உசிரக் காப்பாத்தினீங்க, சரி தங்கச்சி. எண்ட மாப்பிள்ள எப்புடிப் போனாலும் பரவாயில்ல எண்டு நினைச்சீங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். ஓம் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் தந்த தேத்தண்ணியைக் குடிக்கவும் முடியவில்லை. அவர்கள் எங்களை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி இனிப் போய் நிற்கவும் வேண்டாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுததை நீங்கள் கண்டீர்கள். ஏன் என்று கேட்கவில்லை. என் கையைப் பிடிக்கவுமில்லை. பாதி வழியில் முன் சீட் காலியானது. எழும்பிப் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். போகாமல் என் பக்கத்திலேயே இருந்தீர்கள்.

யதுர்ஷியிடம் இன்று காலை பதில் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வாருங்கள். அண்ணன் முகத்தைச் சுளிப்பார், பரவாயில்லை. பிள்ளைக்கு உங்களைப் பற்றிய உண்மையை நீங்கள் சொல்லுங்கள். என்னைப் பற்றியதை நான் சொல்கிறேன். பிறகு மூவரும் சாப்பிடுவோம்.

கம்சா